உயரத்துக்குக் கட்டம் இல்லாத பதிவேடு

நில அளவைத் துறையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், சங்கிலியை நீர்மட்டமாகப் பிடிப்பது. தரை ஏறினாலும் இறங்கினாலும் சங்கிலி படுக்கையாகவே நிற்க வேண்டும். சரிவின் மேல் கிடத்தி அளந்தால் நீளம் கூடும். நீளம் கூடினால் பரப்பு கூடும், இல்லாத நிலத்துக்குத் தீர்வை விழும். ஆகவே மேட்டில் இருப்பவர் சங்கிலியின் முனையைத் தரையோடு அழுத்திக்கொள்வார். பள்ளத்தில் இருப்பவர் மறுமுனையை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடித்துத் தூக்குக்குண்டை விடுவார். குண்டு தொட்ட இடத்தில் ஆணி அடிப்போம். அத்தோடு அந்த இடுப்பளவு உயரம் அரசாங்கக் கணக்கிலிருந்து போய்விடும். புலப்படத்தில் அது ஏறாது. அ-பதிவேட்டிலும் ஏறாது. அங்கே புல எண் உண்டு, உட்பிரிவு உண்டு, நஞ்சையா புஞ்சையா என்பது உண்டு, மண் வயனமும் ரகமும் உண்டு, தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் எல்லாம் உண்டு. உயரத்துக்குக் கட்டம் கிடையாது.

தமிழ்நாட்டில் நிலத்தின் உயரத்தைப் பதிந்து வைத்தவை ஊர்க்காரர்கள் இட்ட பெயர்கள்தான் என்று நான் சொல்வது இதனால்தான். மேடு, திடல், திட்டு, திரடு, பரம்பு என்று உயர்ந்து தட்டையாக இருக்கும் தரைக்கு நம்மிடம் எத்தனையோ சொற்கள். அகராதியைப் புரட்டினால் பலவற்றுக்கும் ‘மேட்டு நிலம்’ என்றே பொருள் போட்டிருக்கும். வரப்பில் நடந்தவன் அப்படிக் கலக்கமாட்டான். அந்தத் தரையில் தண்ணீர் என்ன செய்யும், ஏர் என்ன செய்யும், மனிதர் யார் குடியிருக்கலாம் என்பதை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சொல்கிறது.

சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை 1858இல் தொடங்கியது. அதற்கு முன் இருந்த பைமாஷ் கணக்குகளில் வயல்கள் பெயரோடு வரும். அளவை வந்ததும் பெயர் இருந்த இடத்தில் எண் உட்கார்ந்தது. எண் வசதியானது, வழக்கு குறைந்தது, நான் அதைக் குறை சொல்லவில்லை. அதில்தான் முப்பது வருஷம் சோறு சாப்பிட்டேன். ஆனால் பெயர் முழுதாக அழியவில்லை. அ-பதிவேட்டின் கடைசிக் கட்டமான ‘குறிப்பு’ என்பதில் ‘களம்’, ‘மந்தை’, ‘கல்லாங்குத்து’ என்று ஒட்டிக்கொண்டது. கிரையப் பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் இன்றும் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையாரிகளின் வாயில் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வார்களே, அதில் நாங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தலையாரி விழிப்பார். பெயரைச் சொன்னால் இருட்டிலும் கூட்டிப்போவார்.

தஞ்சைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மேடு என்பது எவ்வளவு சின்ன விஷயம் என்று. அவ்வளவு தட்டையான நாடு. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன், காவிரிப் படுகைக்கு வந்தபோது கருவியை வைக்க ஒரு குன்று கிடைக்காமல் திண்டாடினார். கோபுரங்களையும் விமானங்களையும்தான் குன்றாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து பிரித்து, தட்டி, நேராக்கி மறுபடி பயன்படுத்தினார். கருவிகளோடு புழங்கியவன் என்பதால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்படிப்பட்ட நாட்டில் முழங்கால் உயரம் என்பது பெரிய சொத்து. ஐப்பசி கார்த்திகையில் வயலெல்லாம் ஒரே நீர்ப்பரப்பாக நிற்கும்போது நடுவில் தென்னையும் மூங்கிலும் புளியும் நிற்கிற ஒரு தட்டையான தரை தெரியும் பாருங்கள், அதுதான் திடல். மேலே சமமாக இருக்க வேண்டும், ஓரம் வயலைவிட்டு எழும்பி நிற்க வேண்டும், எந்த மழைக்கும் முழுகக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான் அங்கத்திய ஆள் திடல் என்பார். அதில் ஒன்று குறைந்தாலும் மேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மேடு என்பது பக்கத்தில் உள்ளதை ஒப்பிட்டுச் சொல்வது. திடல் தன்னளவில் ஒரு இடம்.

மாடு கட்ட, வைக்கோல் போர் போட, எருக்குழி வெட்ட, பிணம் எரிக்க என்று எல்லாவற்றுக்கும் திடல் வேண்டும். கதிர் அடிக்கும் களமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மேட்டில்தான் இருக்கும். களத்துமேடு என்றே சேர்த்துச் சொல்வார்கள். தரை காய்ந்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தூற்றுவதற்குக் காற்று வேண்டும் என்பது இன்னொன்று. பதரும் மணியும் பிரிய, முறத்தை உயர்த்திப் பிடிக்கிற உயரத்தோடு தரையின் உயரமும் சேர்ந்து உதவும்.

ஆனால் திடலின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊரில் உயர்ந்த, நல்ல தரையை அக்கிரகாரமும் நிலக்காரர் தெருக்களும் எடுத்துக்கொண்டன. பண்ணையாட்களின் குடிசைகள் ஊரைவிட்டுத் தள்ளி, வயலுக்கு நடுவே, மிராசுதாரருக்குச் சொந்தமான ஏதோ ஒரு சின்னத் திடலில் நெருக்கியடித்து நின்றன. சுற்றிலும் நடவு நட்ட வயல். போகவர ஒரு வரப்பு. பிணம் எடுத்துப் போகவும் அதே வரப்பு. குடிசை ஆளுடையது, அடியில் இருக்கும் மண் முதலாளியுடையது. கூலி கூட்டிக் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், முதலில் வருவது ‘திடலைக் காலி பண்ணு’ என்ற சொல்தான். வயலில் போய்க் குடிசை போட முடியாது, தண்ணீர் நிற்கும். வேறு திடலுக்குப் போகலாமென்றால் அதற்கும் ஒரு முதலாளி இருப்பார். தட்டையான நாட்டில் ஒரு மனிதனைப் பிடித்து வைக்க இதைவிட வலுவான கயிறு தேவையில்லை. 1971இல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம், குடியிருந்த மனையை அந்தத் தொழிலாளர்களுக்கே சொந்தமாக்கியது. ‘மூணு தலைமுறையா இந்தத் திடல்லதான் இருக்கோம், இப்பதான் எங்க திடல்’ என்று ஒரு பெரியவர் என்னிடம் பட்டாவைக் காட்டிச் சொன்னார். அவர் காட்டிய பட்டாவில் ‘திடல்’ என்ற சொல் எங்குமே இல்லை.

அதே சொல் நகரத்துக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்பது வேடிக்கை. சென்னையில் பெரியார் திடல் கூட்டம் நடக்கும் இடம். தீவுத்திடல் பொருட்காட்சி நடக்கும் இடம்; அது கூவத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே கிடப்பதால் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. விளையாட்டுத் திடலோ மேடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உயரம் உதிர்ந்து, தட்டையும் வெளியும் மட்டும் மிஞ்சிவிட்டது. ‘பீடபூமி’ இதற்கு நேர் எதிர். பள்ளிப் புத்தகத்தில் தக்காண பீடபூமி என்று மனப்பாடம் செய்த யாரும் தன் ஊர்த் தரையைப் பீடபூமி என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தர்மபுரிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், காடு என்பார், மேட்டாங்காடு என்பார்.

ஏரிப்பாசனம் உள்ள ஊர்களில் மேட்டுக்கு இன்னொரு கணக்கு. மேட்டுமடை, பள்ளமடை என்று இரண்டு இருக்கும். ஏரி நிறைந்திருக்கும்போது இரண்டும் பாயும். நீர் குறையக் குறைய மேட்டுமடை முதலில் கைவிடும். அந்த ஆயக்கட்டுக்காரர் இறைகூடையை எடுக்க வேண்டியதுதான். இரண்டு மடை நிலத்துக்கும் புலப்படத்தில் ஒரே மாதிரிக் கோடு, பதிவேட்டில் ஒரே ‘நஞ்சை’. பெண் கொடுக்கிறவர்கள் மட்டும் எந்த மடையில் நிலம் என்று விசாரித்துவிடுவார்கள்.

தெற்கே மாற்றலாகிப் போனபோது சொற்களும் மாறின. தாமிரபரணிப் பக்கம் திடல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் தாங்கள் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குத் திரடு. திரண்டு நிற்பது திரடு. இன்னொன்று பரம்பு. தஞ்சையில் பரம்பு என்றால் நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த மாடு பூட்டி இழுக்கும் பலகை, பரம்படித்தல் என்பார்கள். அங்கிருந்து போன எனக்கு ‘அது பரம்புல்லா சார், அங்க போயி என்னத்த அளக்க’ என்று தலையாரி சொன்னது முதலில் விளங்கவில்லை. காட்டிய இடம் பரந்து, லேசாக முதுகு தூக்கி, சரளையும் வெங்கச்சங்கல்லுமாகக் கிடந்தது. உழுதால் கொழு ஒடியும். உடைமரமும் மஞ்சணத்தியும் தவிர ஒன்றும் இல்லை. மலையாளத்தில் பறம்பு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டப் புஞ்சை. பாரி ஆண்ட பறம்போ மலை. ஒரே ஓசையில் பலகையும் மலையும் தோட்டமும் தரிசும் இருக்கின்றன.

பரம்புகளில் பேர்போனது ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை அதன் முதுகின் மேலேயே ஏறி இறங்குகிறது. ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததைத் தன் ஊருக்கு எடுத்துப் போனார். 1899இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், இரும்பாயுதங்கள், விலங்குருவம் வைத்த வெண்கல மூடிகள், தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. சரளையை வெட்டி, அதன் கீழிருக்கும் நொறுங்கிய பாறையிலும் குழி இறக்கித் தாழியை இறக்கியிருக்கிறார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அங்கே புதைக்க வேண்டும்? அளவைக்காரன் கண்ணுக்கு விடை எளிது. ஆற்றங்கரை வண்டலில் ஒரு அடி நிலத்தைக்கூடச் செத்தவருக்கு விடமுடியாது, அங்கே நெல் விளையும். அங்கே புதைத்தாலும் வெள்ளம் அரித்துவிடும். பரம்பில் ஏர் இறங்காது, வெள்ளம் ஏறாது. நானூறு தலைமுறை வாழ்ந்தாலும் ஒரே இடத்தில் புதைத்துக்கொண்டே போகலாம். பின்னால் வந்தவர்களும் அங்கே உழவில்லை. கிராமக் கணக்கில் அது தரிசாகவே கிடந்தது. உழமுடியாத நிலம் என்று தள்ளப்பட்டதுதான் அதைக் காப்பாற்றியது.

அதே ஆற்றின் வடபக்கம் சிவகளை. 2019க்குப் பின் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது வெளியிட்ட குழிகளின் பட்டியலைப் படித்து நான் சிரித்துவிட்டேன். சிவகளைப் பரம்பு, பராக்கிரமபாண்டித் திரடு, வெள்ளத்திரடு, பொட்டல்கோட்டைத் திரடு. எங்கள் பதிவேடு நூறு வருஷமாக எழுத மறுத்த பெயர்கள் எல்லாம் அறிக்கையில் தலைப்பாக நின்றன. பரம்பில் தாழிகள், திரடுகளில் மக்கள் வாழ்ந்த தடயம். ஊர்க்காரர்கள் இரண்டு சொல்லைப் பிரித்து வைத்திருந்ததற்கும் மண்ணுக்குள் இருந்ததற்கும் பொருத்தம் இருந்தது. பரம்பு இயற்கையாக உயர்ந்த தரை. திரடு பெரும்பாலும் மனிதர் இருந்து இருந்து, வீடு இடிந்து அதன் மேலே வீடு கட்டி, சாம்பலும் ஓடும் குப்பையும் சேர்ந்து உயர்ந்தது. அங்கே ஒரு தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகம் சொன்னது. 2025 ஜனவரியில் இரும்பின் காலத்தை அதற்கும் மிக முன்னே கொண்டுபோன அறிக்கை வெளியாயிற்று. அந்த வழக்கு அறிஞர்களுக்குள் இன்னும் நடக்கிறது. அதில் எனக்குப் பேச்சில்லை.

தொல்லியல்காரர்கள் களம் தேடும் முறையே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஊருக்குள் போய், இங்கே மேடு எங்கே என்று கேட்பார்கள். அழகன்குளத்தில் கோட்டைமேடு. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பாசிமேடு. பாசிமணி பொறுக்கிய பிள்ளைகள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். 2009இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்காக கா. ராஜன் தோண்டியபோது கண்ணாடி மணிகள் இரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேடு. அங்கும் பிள்ளைகள் பொறுக்கிய மணிகள்தான் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயை இழுத்து வந்தன, 1945இல் தொல்லியலாளர் வீலரும் வந்தார். வைகை நெடுகக் களஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்த அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு, 2014–15இல் தோண்டத் தேர்ந்தெடுத்த கீழடியில் தென்னந்தோப்புக்குள் இருந்த தரையின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட இறையிலி நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்கின்றன. அந்தச் சொல்தான் சந்தையாகியிருக்கும் என்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. தென்னந்தோப்பாக இருந்ததும் நல்லதாயிற்று. வாழை போட்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கிளறியிருப்பார்கள்.

எல்லா மேடும் தப்பவில்லை. பழைய ஊர்மண் சாம்பலும் எருவும் கலந்தது என்பது விவசாயிக்குத் தொல்லியல்காரருக்கு முன்பே தெரியும். கோடையில் வண்டி கட்டி அள்ளிப்போய் வயலில் கொட்டுவார்கள். செங்கல் வேண்டியவர்கள் செங்கல் எடுப்பார்கள். கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திரன் அரண்மனை நின்ற இடத்துக்கு மாளிகைமேடு என்று பெயர். மாளிகை போய்ப் பல நூறு ஆண்டுகள் ஆனபின்னும் மேடு தன் பெயரில் அதை வைத்திருந்தது. பக்கத்திலேயே உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று ஊர்ப்பெயர்கள். ஆனால் செங்கல்லை மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மக்களை மட்டும் சொல்லக் கூடாது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பெரிய கோயிலின் சுற்றுமதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனவர்கள் அரசாங்கப் பொறியாளர்கள். 1980களில் தொல்லியல் துறை மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தது பெரும்பாலும் அடித்தளமும், செங்கல் உருவப்பட்ட பள்ளங்களும்தான்.

திட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. திட்டு என்பது ஆறோ கடலோ போட்டுக் கொடுத்த மேடு. சுற்றிலும் நீர் இருக்கும் அல்லது வரும். போட்டதை ஆறு திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும். கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் என்று வரிசையாகக் குடியிருப்புகள். எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்தில் திட்டுக்காட்டூர். முதலைமேடுதிட்டு என்ற பெயரில் மேடும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. அளவை ஆள் ஒருவன் எழுதியிருந்தால் ஏதாவது ஒன்றை அடித்திருப்பான். இரண்டும் தேவை என்பது 2018 ஆகஸ்டில் தெரிந்தது. மேட்டூர் நிரம்பி வழிந்த நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கியது. 22ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் மதகுகள் ஒன்பது சரிந்தன. கடைசியில் அந்த நீரெல்லாம் வந்து ஏறுகிற இடம் இந்தத் திட்டுகள். வீட்டுக்குள் நீர், முகாமில் சனம், கரைமேல் வரிசையாக ஆடுமாடு. 2022இலும் இதே கதை.

‘முழுகுகிற ஊருக்கு யார் மேடு என்று பேர் வைத்தது?’ என்று அங்கே ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். ‘சுத்தி இருக்கறதுக்கு இது மேடுதானேப்பா. வருஷத்துல பத்து நாள் ஆத்தோடது, மிச்சமெல்லாம் எங்களோடது’ என்றார். அந்த வண்டலில் காய்கறியும் பூவும் வருவதுபோல் கரைக்கு அந்தப் பக்கம் வராது. அங்கே மனை கொடுத்தால் போவீர்களா என்று கூட வந்த அலுவலர் ஒருவர் கேட்டார். வீடு கட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் மாட்டை எங்கே கட்டுவது, கொல்லைக்கு யார் காவல் இருப்பது என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். மனையின் அளவு எத்தனை சென்ட் என்றும் கேட்டார். அலுவலர் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு, வெண்டை பறிக்கப் போய்விட்டார்.